வாய் படாத சேனை

ஜனவரி 29

கத்தினால் பாப்பா விழித்துக்கொள்ளும். அதனால் எழுதுகிறேன். இல்லாவிட்டால் எனக்கும் டைரிக்கும் என்ன சம்பந்தம்? நான் பெண்கள் பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். மைதானத்தின் இந்தக் கோடியில் நின்று அந்தக் கோடிக்குக் குரல் கொடுத்தே பழகியவள். பிரசவத்துக்குக் கோவில்பட்டியில் அம்மா வீட்டுக்கு வந்ததிலிருந்து "மெதுவாப் பேசு வடிவு, மெதுவாப் பேசு" என்று என் வாயை அடைக்கிறாள் அம்மா. சொல்லாமல் வைத்திருப்பதே ஏகப்பட்டது சேர்ந்துவிட்டது.

நேற்றுதான் திருநெல்வேலி ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு விட்டார்கள். நாள் நிறையும் முன்னாலேயே பிறந்தவள், கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்து கொடுத்தார்கள். கிளம்பும்போது டாக்டர் ஜெஸிந்தா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னது இது:

"ரெண்டு மாசத்துக்கு யாரும் முத்தம் குடுக்கக் கூடாது. முக்கியமா, உதட்டுல கொப்புளம் இருக்கிறவங்க கிட்டயே வரக் கூடாது. நமக்கு அது ஒரு வாரத்துல ஆறிப்போற சூட்டுக் கொப்புளம். இவ்ளோ சின்னப் பிள்ளைக்கு மூளை வரைக்கும் போகும். உயிரையே எடுத்துடும்மா."

"எச்சில் பட்டா?"

"எச்சிலும்தான்."

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகச் சாக்பீஸை எடுத்து வாசல் கதவில் எழுதினேன்: பிள்ளைக்கு முத்தம் கொடுக்கக் கூடாது, கை கழுவாமல் தொடக் கூடாது. அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

"வாரவுக என்னட்டி நெனைப்பாவ?"

"நெனைக்க வேண்டாம்மா. படிச்சாப் போதும்."

பிப்ரவரி 1

தைப்பூசம். இதே ஊரில் இரண்டு தெரு தள்ளி இருக்கும் என் மாமனார் கந்தையா மாமா பச்சை வேட்டி கட்டிக்கொண்டு திருச்செந்தூருக்கு நடந்து போயிருக்கிறார். வருடம் தவறாமல் போகிறவர். அத்தனை வெயிலில் நடந்தால் காலும் கொப்பளிக்கும், உதடும் கொப்பளிக்கும். "முருகன் போட்ட முத்திரை" என்று எல்லாரிடமும் காட்டுவார். போன வருடம் நானும் பார்த்தேன். கீழுதட்டு ஓரத்தில் கொத்தாகத் தண்ணீர் கோத்து நின்றது. அப்போது எனக்கு அது ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை.

அவர் வந்ததும் சேனை தொட வேண்டும் என்று என் வீட்டுக்காரர் செந்தூர்பாண்டி நேற்றே ஆரம்பித்துவிட்டார். பிறந்த பிள்ளையின் நாக்கில் பெரியவர் ஒருவர் முதல் இனிப்பைத் தொட்டு வைப்பதுதான் சேனை. வைத்தவருடைய குணமும் யோகமும் பிள்ளைக்கு வரும் என்று எங்கள் பக்கத்தில் நம்புகிறார்கள். பாப்பா பெட்டிக்குள் இருந்ததால் அது தள்ளிப் போயிற்று.

மற்றவர்கள் சீனித் தண்ணீரில் விரலை நனைத்து வைப்பார்கள். கந்தையா மாமாவுக்குத் தனி முறை. பனங்கற்கண்டை வாயில் போட்டு நன்றாகச் சப்பி, ஊறிய சாறை விரலில் எடுத்து வைப்பார். எங்கள் தெருவிலேயே பாதிப் பேர் அவர் சேனையில் வளர்ந்தவர்கள்தான். அதில் ஒருவன் தாலுகா ஆபீசில் இருக்கிறான், ஒருத்தி போலீஸில் இருக்கிறாள். அவர்கள் விடிய விடியப் படித்ததுதான் காரணம் என்று ஒருவர் வாயிலும் வரக் காணோம். பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்ற மனிதருக்கு இந்தக் கைராசிதான் பெரிய பதவி.

உதட்டோடு வரட்டும், பார்த்துக்கொள்கிறேன்.

பிப்ரவரி 4

வந்தார், உதட்டோடுதான் வந்தார்.

பின்னாலேயே என் மதினி தெய்வானை, என் வீட்டுக்காரரின் அக்கா, தாம்பாளத்தில் பூவும் பழமும் ஏந்திக்கொண்டு. மாமா புதுச் சட்டை போட்டிருந்தார். கீழுதட்டில் அதே கொத்து, இரண்டு உடைந்து கசிந்துகொண்டிருந்தது. நான் நிலைப்படியில் இரண்டு பக்கமும் கையை ஊன்றி நின்றுகொண்டேன். தையல் போட்ட இடம் சுரீர் என்றது. நகரவில்லை.

"மாமா, உங்க மேல எனக்கு ரொம்ப மரியாதை உண்டு. உதடு ஆறட்டும், ரெண்டு மாசம் போகட்டும். அப்புறம் நாளெல்லாம் தூக்கி வச்சிக் கொஞ்சுங்க. இப்ப கூடாது."

"என்னம்மா சொல்லுத? இது முருகன் குடுத்ததுல்லா!"

"உங்களுக்குக் குடுத்தாரு மாமா. எம்பிள்ளைக்கு வேண்டாம்."

உள்ளேயிருந்து அம்மா "ஏட்டி!" என்று அலறினாள். மாமா முகம் கறுத்துப் போயிற்று.

"இந்தத் தெருவுல எத்தன பிள்ளைக்கு வச்சிருக்கேன். ஒண்ணுக்காவது ஒரு கெடுதல் உண்டா? சொல்லு பாப்போம். ஒண்ணுக்காவது உண்டா?"

மதினி தாம்பாளத்தைப் படியில் வைத்துவிட்டுத் தெருப் பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டாள்.

"எம் பேத்திம்மா அது. எம் எச்சிலு அதுக்கு வெசமா?"

"இன்னைக்கு ஆமா மாமா."

திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். அம்மா அடுப்படியில் உட்கார்ந்து ஒப்பாரியே வைத்தாள். சம்பந்தக்காரரை வாசலில் வைத்துத் திருப்பி அனுப்பிய வீடு என்று பேர் வாங்கிக் கொடுத்துவிட்டேனாம். வாங்கிக் கொடுத்தேன்தான். போனால் போகட்டும். பேர் போனால் அம்மா நாலு நாள் அழுவாள். பாப்பாவுக்கு ஏதாவது ஆனால்?

பிப்ரவரி 5

இன்று ஒருவரும் என்னோடு பேசவில்லை. நிம்மதியாக இருந்தது.

பிப்ரவரி 7

சாயங்காலம் மதினி மட்டும் வந்தாள். கடலை மிட்டாய் கம்பெனியில் பாக்கெட் போடுகிறவள், வேலை விட்டு நேராக வந்ததால் மேலெல்லாம் வெல்ல வாசனை. நான் சொல்வதற்கு முன்னாலேயே குழாயடியில் முழங்கை வரை தேய்த்துக் கழுவினாள். முந்தானையால் வாயைக் கட்டிக்கொண்டாள். அப்புறமும் பாப்பாவைத் தூக்கவில்லை. சுவரோரமாக நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"வடிவு, அந்தக் கொப்புளம் பிள்ளைக்கு ஒட்டிக்கிட்டா எப்படித் தெரியும்னு டாக்டரம்மா சொன்னாவளா?"

"காய்ச்சல் அடிக்குமாம் மதினி. இல்லைன்னா உடம்பு சில்லுன்னு ஆகுமாம். பால் குடிக்காதாம். சுருண்டு தூங்கிக்கிட்டே இருக்குமாம். சமயத்துல வெட்டு வந்து இழுக்குமாம்."

"எத்தன நாள்ல?"

"ஒரு வாரம், ரெண்டு வாரம். கூடவும் ஆகலாமாம். ஏன் மதினி?"

"சும்மாதான் கேட்டேன்."

காபி வேண்டாம் என்று போய்விட்டாள். பிள்ளை இல்லாதவள், ஆசையில் கேட்கிறாள் என்று நினைத்தேன். அம்மாதான் சொன்னாள், மதினிக்கு ஒரு பையன் பிறந்திருந்தானாம். மாசம் திரும்புவதற்குள் செவ்வாப்பில் போய்விட்டானாம். பிறந்த பிள்ளை சிவந்துபோய் இழுத்துக்கொண்டால் எல்லாவற்றுக்கும் இங்கே அந்த ஒரே பேர்தான். அதன் பிறகு மதினி வயிற்றில் எதுவும் தங்கவில்லை, புருஷன் வீட்டார் அவளைப் பிறந்த வீட்டிலேயே கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். கல்யாணமாகி மூன்று வருடம் ஆகிறது, அந்த வீட்டில் ஒருவரும் இதை என்னிடம் மூச்சு விடவில்லை.

அந்தப் பையனுக்குச் சேனை வைத்தது யார் என்று அம்மாவிடம் கேட்கவில்லை. எனக்கு என் பிள்ளை கவலையே போதும்.

பிப்ரவரி 9

பேனா தாளைக் கிழிக்கிறது. கோபத்தில்தான்.

காலையில் குளித்துவிட்டு வந்து பாப்பாவைத் தூக்கினேன். உதடு பிசுபிசுவென்று இருந்தது. மோந்து பார்த்தால் பனங்கற்கண்டு வாசனை. ஜன்னலில் மருந்து புகட்டும் சங்கு. என் வீட்டுக்காரர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"சண்டை முடிஞ்சிது வடிவு! அப்பா நம்ம தெருப் பக்கம்கூட வரல. நீ சொன்னாப்பிலயே வாய் படல, வெரல் படல. கற்கண்டச் சப்பி, சாறைச் சங்குல விட்டுக் குடுத்தாவ. நான் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிட்டுத்தான் புகட்டினேன். நாலு சொட்டு. பாப்பா எப்படிச் சப்புக்கொட்டுச்சு தெரியுமா?"

கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாராம். அப்பாவின் வாயில் ஊறியதை ஒரு சொட்டுச் சிந்தாமல் மொபெட்டில் கொண்டுவந்து, கையை மட்டும் கழுவினாராம்! முத்தம் கூடாது, தொடக் கூடாது என்று கதவில் எழுதியதைப் படித்து, இரண்டையும் மீறாமல் வழி கண்டுபிடித்திருக்கிறார்கள் அப்பாவும் மகனும்.

கத்தினேன். பாப்பா விழித்துக்கொண்டு அழுதது. எதிர் வீட்டு ஜன்னல் திறந்தது. திறக்கட்டும் என்று கத்தினேன். கத்தி முடித்ததும் டாக்டருக்குப் போன் போட்டேன். உடனே வரச் சொன்னார்கள். போனோம். பார்த்தார்கள், வாயில் துடைத்துச் சோதனைக்கு எடுத்தார்கள். இப்போதைக்கு ஒன்றும் தெரியவில்லை, இனிமேலும் வரலாம், காய்ச்சலோ கொப்புளமோ கண்டால், பால் குடிக்கவில்லை என்றால், எந்த நேரமானாலும் ஓடி வந்துவிடுங்கள் என்றார்கள்.

திரும்பி வரும் வழியெல்லாம் இவர் "நாலு சொட்டுதானே, நாலு சொட்டுதானே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தார். வீடு வந்ததும், "உங்க அப்பா வீட்டுக்குப் போங்க" என்றேன். போகவில்லை. வாசலில் மொபெட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறார். இருக்கட்டும்.

பிப்ரவரி 10

பால் குடித்தாள்.

பிப்ரவரி 11

குடித்தாள். உதைத்தாள். என் மகள்.

பிப்ரவரி 12

குடித்தாள். மணிக்கொரு தரம் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன் என்று அம்மா என்னைக் கிறுக்கி என்கிறாள். ஆமாம், கிறுக்கிதான். அந்தக் கொப்புளம் என்னை ஏமாற்றட்டும் பார்ப்போம்.

பிப்ரவரி 15

நேற்று எழுத முடியவில்லை.

நேற்றுக் காலையில் மாரில் வைத்தால் உறிஞ்சவில்லை. வாயில் பால் நின்று வழிந்தது. உடம்பு சுட்டது. வாயோரத்தில் கடுகளவு ஒரே ஒரு கொப்புளம்.

"செவ்வாப்புத்தான், வைத்தியர்ட்ட எண்ணெய் வாங்கிட்டு வாரேன். ஒரு பொழுது பாப்போம்" என்று அம்மா செருப்பைத் தேடினாள். நான் ஒரு பொழுதும் பார்க்கவில்லை. பாப்பாவைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டேன். இவர் ஓடிப் போய் முக்கு வீட்டுக் காரைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஜெஸிந்தா வருவதற்குள் ஒரு சின்ன டாக்டர் பார்த்தார். சாதாரணக் காய்ச்சலாக இருக்கலாம், முதலில் ரத்தம் எடுப்போம் என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் இவர் பேசினார்.

"சார், எங்க அப்பா உதட்டுல கொப்புளம். அவரு வாயில போட்ட கற்கண்டுத் தண்ணிய நான்தான் பிள்ளைக்குப் புகட்டினேன். வீட்டுக்காரி வேண்டாம்னுதான் சொன்னா. நான்தான் குடுத்தேன்."

அங்கே எத்தனையோ பேர் நின்றார்கள். நர்ஸ், வார்டு ஆயா, வேறு பிள்ளைகளின் தாய் தகப்பன்மார். எல்லார் முன்னாலும் சொன்னார். அந்த டாக்டர் எழுந்தே விட்டார். ரிசல்ட் வரும் வரை காத்திருக்காமல் கொப்புளக் கிருமிக்கான மருந்தை ஊசி வழியாக ஏற்றினார்கள். பாப்பாவின் கை என் சுண்டுவிரல் தடிமன்தான். அதில் நரம்பு தேடினார்கள். முதுகில் நீர் எடுத்தார்கள். நான் வெளியே போக மாட்டேன் என்று நின்றேன். விட்டார்கள்.

மத்தியானம் வாங்கி வந்த சாப்பாட்டில் பாதியை இவர் பக்கம் தள்ளி வைத்தேன். பசியோடு யார் உட்கார்ந்திருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன்.

பிப்ரவரி 17

ரிசல்ட் வந்தது. அதேதான். மாமா உதட்டில் இருந்த அதே கிருமி. முதலில் எடுத்ததில் இல்லை, இப்போது இருக்கிறது. முதுகுத் தண்ணீர் சுத்தமாக இருக்கிறது, மூளைக்குப் போகவில்லை என்றார் டாக்டர். "ஒரு நாள் தாமதிச்சிருந்தா இப்படிச் சொல்லியிருப்பேனான்னு தெரியலம்மா" என்றார். இரண்டு வாரம் மருந்து ஏற்ற வேண்டும். அதற்குப் பிறகும் ஆறு மாதம் வாய் வழியாகக் கொடுக்க வேண்டும்.

இவர் போனில் மாமாவிடம் சொன்னார். எனக்குக் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

"ஆஸ்பத்திரிக்காரன் அப்படித்தாம்லே சொல்லுவான். எஞ் சேனையில ஒரு பிள்ளைக்கும் கெடுதல் வந்தது கெடையாது" என்றார் மாமா. இவர் போனை அணைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றார்.  ஊருக்குப் போனதும் கத்துவதற்கு என் குரலைச் சேர்த்து வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 20

மதினி லீவு போட்டுவிட்டு வந்து எங்களோடேயே இருக்கிறாள். கஞ்சி வாங்கி வருகிறாள், துணி அலசுகிறாள், நான் கண் அசந்தால் பாப்பாவின் பக்கத்தில் இருக்கிறாள். இன்று டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தபோது மெதுவாகக் கேட்டாள்.

"டாக்டரம்மா, மொதல்ல பால் குடிக்காம, அப்புறம் கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்து, ரெண்டு நாள்ல... அதுவும் இதுதானா?"

"எந்தப் பிள்ளைக்கும்மா?"

"ஒரு பிள்ளைக்கு. ரொம்ப வருசம் ஆச்சு."

டாக்டர் பாப்பாவைப் பார்க்காமல் மதினியைப் பார்த்தார். "இப்ப உறுதியா யாராலும் சொல்ல முடியாதும்மா. இதா இருக்கலாம். வேறயாவும் இருக்கலாம். ஆனா ஒண்ணு நிச்சயமாச் சொல்லுவேன், ஊர்ல சொல்ற மாதிரி பெத்தவ எதையோ தின்னுட்டான்னு பிள்ளைக்கு அப்படி வராது."

மதினி தலையை ஆட்டிக்கொண்டாள். வாளியை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். வர ரொம்ப நேரம் ஆயிற்று. குழாயில் தண்ணீர் வரவில்லையோ என்னவோ.

பிப்ரவரி 24

இன்று பாப்பா ஆஸ்பத்திரியே அதிரக் கத்தினாள். நர்ஸ் ஓடி வந்தாள். ஒன்றுமில்லை, பசி. அத்தனை நாள் முனகிக்கொண்டு கிடந்தவள், என்ன ஒரு தொண்டை! பி.டி. டீச்சர் மகள் என்று நானே எல்லாரிடமும் சொல்லிக்கொண்டேன். இவர் அழுதார். நான் அழவில்லை, கண்ணில் தூசி விழுகிற வார்டு அது.

மார்ச் 1

வீடு. கதவில் சாக்பீஸ் எழுத்து மங்கியிருந்தது. அம்மாவே அழித்து எழுதினாள், என் எழுத்தைவிடப் பெரிதாக. எச்சில் என்ற வார்த்தையையும் சேர்த்து எழுதியிருக்கிறாள்.

மார்ச் 12

எதிர் வீட்டுப் பேச்சியம்மாளின் மகள் செண்பகம் பிரசவத்துக்கு வந்திருந்தாள். முந்தாநாள் பையன் பிறந்து, இன்று காலையில்தான் வீட்டுக்கு வந்தார்கள். இருபது இருபத்தொரு வயசுப் பெண். கேட்டதற்குத் தலையாட்டுவாளே தவிர, அவள் வாய் திறந்து நான் பார்த்ததில்லை.

பத்து மணிக்கு அம்மா மூச்சு வாங்க வந்தாள். "வடிவு, உங்க மாமாவைச் சேனைக்குக் கூப்பிட்டிருக்காளாம் பேச்சி!"

"அவளுக்கு நம்ம வீட்டுக் கதை தெரியாதா?"

"தெரியும்ட்டி. மாமா உதடு இப்ப ஆறிப்போச்சாம். அதனால ஒண்ணுமில்லையாம்."

ஆறினாலும் எச்சிலில் இருக்கலாம் என்று டாக்டர் சொன்னது எனக்கல்லவா தெரியும். பாப்பாவை இவர் கையில் கொடுத்தேன். செருப்புக்கூடப் போடவில்லை. சேர்த்து வைத்த குரல் மொத்தத்தையும் இன்றைக்கே தீர்த்துவிடுவது என்று தெருவைக் கடந்தேன்.

போனால், பேச்சியம்மாள் வீட்டு வாசலில் எனக்கு முன்னால் மதினி நிற்கிறாள். கம்பெனிக்குப் போகிற சேலை, கையில் சோற்றுத் தூக்கு. படிக்குக் கீழே மாமா. புதுச் சட்டை, ஒரு பக்கக் கன்னம் கொஞ்சம் உப்பியிருந்தது. கற்கண்டு ஏற்கெனவே வாய்க்குள் போய்விட்டது. தெருவே கூடி நிற்கிறது.

"வழிய விடு தெய்வானை" என்றார், வாய் குழற.

"விட மாட்டேம்ப்பா."

"என்ன பழக்கம் இது? நல்ல காரியத்துக்கு வந்த எடத்துல..."

"எம் பிள்ளைக்கும் நீங்கதாம்ப்பா வச்சீங்க. அன்னைக்கும் திருச்செந்தூரு போயிட்டு வந்துதான் வச்சீங்க. உங்களுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. யாரையும் குத்தம் சொல்ல வரல நான்." மதினியின் குரல் உயரவே இல்லை. ஆனால் தெரு முழுக்கக் கேட்டது, அவ்வளவு அமைதி. "ஆனா செத்தது எம் பிள்ளை. பத்தியம் மீறிக் கருவாடு தின்னுட்டா, பிள்ளையக் கொன்னுட்டான்னு எம் மாமியா சொன்னா. அம்மா சொன்னா. நீங்களும் சொன்னீங்க. இந்தத் தெருவுல எல்லாரும் சொன்னீங்க. இருவத்திரண்டு வருசமா கேட்டுக்கிட்டு இருந்தேன். நானே சில சமயம் தின்னிருப்பேனோன்னு நெனைச்சேன். நான் தின்னலப்பா. அந்த மாசம் பூரா நான் கருவாட்டக் கண்ணால பாக்கல."

மாமா பதில் சொல்ல வாயைத் திறந்தார். கற்கண்டு உள்ளே இருந்தது, பேச வரவில்லை. துப்புவதற்கும் மனசில்லை போல. எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க அதை அப்படியே விழுங்கினார். தொண்டை ஏறி இறங்கியது. 

"இனிமே தெரிஞ்சே ஒரு பிள்ளைக்கு இது நடக்கக் கூடாது" என்றாள் மதினி. "என்னத் தாண்டிப் போயி வைங்க பாப்போம்."

நான் கத்தவே இல்லை. கத்துவதற்கு எனக்கு அங்கே இடமே இல்லை. மதினியின் பக்கத்தில் போய், படியின் மிச்சப் பாதியை அடைத்துக்கொண்டு நின்றேன்.

பேச்சியம்மாள்தான் சமாளிக்கப் பார்த்தாள். "பெரியவரு வீடு தேடி வந்திருக்காரு, சும்மா அனுப்பினா நல்லாவா இருக்கும்? சீனித் தண்ணியில வெரல முக்கியாவது வைக்கட்டுமே" என்று பிள்ளையை எடுத்து வரும்படி உள்ளே குரல் கொடுத்தாள்.

செண்பகம் வந்தாள். பிள்ளையை மாரோடு அணைத்தபடி நடைக்கு வந்து, என்னைப் பார்த்தாள், மதினியைப் பார்த்தாள், வாசலில் நின்ற தன் அம்மாவைப் பார்த்தாள்.  எங்கள் முதுகுக்குப் பின்னால் கதவைச் சாத்தினாள்.

"ஏ செண்பகம்! ஏட்டி, கதவத் தெற!" என்று பேச்சியம்மாள் தட்டினாள்.

உள்ளே மேல் தாழ்ப்பாள் விழுந்தது. பிறகு கீழ்த் தாழ்ப்பாளும் விழுந்தது.